கோடு போடாத தகடு

ஜூன் 5, திங்கள்

கொடைக்கானல் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் இவருக்கு வாந்தி. "மலை ரூட்டுல கண்டக்டரே வாந்தி எடுப்பான், பாத்திருக்கேன்" என்றார். மதுரை பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எதைக் கேட்டாலும் ஒரு பஸ் கதை வைத்திருப்பார். வாந்தி மலையால் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் என்று சொன்ன அந்த டாக்டருக்கு மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. வயிற்றுக் கட்டியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். எரிச்சலாக வருகிறது.

வந்த வேலையை எழுதி வைக்கிறேன். வினிஃப்ரெட் கார்ஸ்டன் என்ற இங்கிலீஷ்காரி 1924 முதல் 1949 வரை, இப்போது நாங்கள் தங்கியிருக்கும் இந்த வீட்டில் இருந்தாள். நார்ஃபோக் பக்கம் பிறந்து, லண்டனில் படித்து, நெஞ்சு நோய்க்காக மலைக்கு வந்தவள். மலைகளை நீர்வண்ணத்திலும் மனிதர்களைச் செப்புத் தகட்டிலும் வரைந்தாள். ஊரில் அவளுக்குப் படத்தம்மா என்று பெயராம். அவளுடைய தகடுகள் எழுபது வருஷம் சென்னையில் எங்கோ கிடந்து, போன மாதம்தான் இந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. வீட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளைக்காரர்கள் அவற்றிலிருந்து அச்சு எடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். ஓவியக் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் அச்சு எடுக்கச் சொல்லிக்கொடுத்த இந்த மரகதவல்லியை விட்டால் ஆள் ஏது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

பெட்டியைத் திறந்தேன். ஒன்பது தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. அமிலம் ஊற்றி அரித்தவை இல்லை. எஃகு ஊசியால் செம்பை நேராகக் கீறி வரைந்தவை. கை என்றால் அது கை. ஒரு தோட்டக்காரர், ஒரு சமையல்காரர், ஒரு ஆயா. யாரையும் வேலைக்காரர்கள் மாதிரி வரையவில்லை, சொந்தக்காரர்கள் மாதிரி வரைந்திருக்கிறாள்.

எட்டுத் தகடுகளில் முகத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஆழமாக ஒரு கோடு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சூசைக்கு அறுபது வயதிருக்கும், பதறிப்போய்விட்டார். "யாரோ வேணும்னே கீறிட்டாங்கம்மா" என்றார்.

அதெல்லாம் இல்லை. எங்கள் தொழிலில் அது வழக்கம். பன்னிரண்டு படம்தான் எடுப்பேன் என்று சொல்லி விற்றால், பன்னிரண்டாவது எடுத்ததும் தகட்டின் குறுக்கே கோடு போட்டுவிட வேண்டும். பதிமூன்றாவதை யாரும் திருட்டுத்தனமாக எடுத்துவிடக் கூடாது. வாங்கினவனுக்குக் கொடுத்த வாக்கு அது.

ஒன்பதாவதில் மட்டும் கோடு இல்லை. சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் எட்டு வயதுப் பெண். ஓரத்தில் 1928 என்று இருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வேறொன்றும் சேர்க்கவில்லை.

மை ஏற்றும் முன் தகட்டைச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர்க் குளிரில் மை இறுகிவிடும். ஒன்பதாவது தகட்டை மின்சாரத் தட்டில் வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்கட்டிலிருந்து ஒரு கிழக் குரல் கேட்டது. "சூடு போதும் தாயி."

யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். மையைத் தடவி, மஸ்லின் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அந்தக் குரல் சிரித்தது. கிச்சுக்கிச்சு மூட்டினால் குழந்தை சிரிப்பது போல, ஆனால் பல் இல்லாத வாய். துடைப்பதை நிறுத்தினேன், சிரிப்பு நின்றது. மறுபடி துடைத்தேன், மறுபடி சிரிப்பு. மூன்று தடவை செய்து பார்த்தேன். நான்காவது தடவைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அச்சு நன்றாக வந்தது.

ஜூன் 9, வெள்ளி

பின்கட்டில் இருப்பது ஞானப்பூ. "எங்க அப்பாவோட அத்தைங்க" என்றார் சூசை. "நூத்தி மூணு வயசு. கூடப் பொறந்ததுக, பெத்ததுக, பேரன் ஒருத்தன், எல்லாத்தையும் அனுப்பி வச்சிருச்சு. அது மட்டும் போக மாட்டேங்குது."

சாய்வு நாற்காலியில் ஒரு போர்வையைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போர்வைக்குள் இருந்தாள். கண் இரண்டும் பால் மாதிரி வெளுத்துவிட்டன. பதினாறு வருஷத்துக்கு முன் உடைந்த இடுப்பெலும்பு இன்னும் சேரவே இல்லையாம். மூன்று கரண்டிக் கஞ்சி, அவ்வளவுதான் சாப்பாடு. நான் வாசலில் நின்றதும் முகத்தைத் திருப்பினாள்.

"தகடு வந்துருச்சா?"

"எந்தத் தகடு பாட்டி?"

"என்னோடது. சேவக்கோழி வச்சிருப்பேன். கோடு போட்டியா?"

"இல்லை."

"போட்டுரு தாயி. படத்தம்மா போடாமப் போயிட்டா."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அறக்கட்டளையின் சொத்து அது. நான் காப்பாற்ற வந்தவள், கீற வந்தவள் இல்லை.

ஜூன் 12, திங்கள்

பெட்டியின் அடியில் கார்ஸ்டனின் குறிப்பேடு இருந்தது. ஈரத்தில் பாதி ஒட்டிப் போயிருக்கிறது. பிரித்துப் படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1926இல் சமையல்காரர் அந்தோணிக்கு டைபாய்டு. பிழைக்க மாட்டார் என்று பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருக்கிறார். முகம் மறந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து தகட்டில் கீறினாளாம். மறுநாள் அந்தோணி எழுந்து ரசம் கேட்டார். அடுத்து தோட்டக்காரர், பாம்புக்கடி. அவரும் பிழைத்தார். அடுத்து ஆயா. ஆயாவின் மகள் ஞானப்பூவுக்குத் தொண்டை அடைப்பான், மூச்சு நின்றுவிட்டது என்றே சொன்னார்களாம். சேவலை வரைந்து முடிப்பதற்குள் மூச்சு வந்திருக்கிறது.

1930இல் லண்டனில் கண்காட்சி. வழக்கப்படி மூன்று பேருடைய தகடுகளிலும் பன்னிரண்டு படம் எடுத்து, வழக்கப்படி கோடு போட்டாள். அன்று புதன்கிழமை. வியாழன் காலை அந்தோணி அடுப்படியில் விழுந்து கிடந்தார். தோட்டக்காரர் ரோஜாப் பாத்தியில். ஆயா படுத்தபடி.

ஞானப்பூவின் தகட்டில் பதினோரு படம்தான் எடுத்திருந்தாள்.

அதற்கப்புறம் நாலு மாதம் ஒரு வரியும் இல்லை. பின்பு ஒரே ஒரு வாக்கியம்: "நான் ஒழுங்கானவளாக இருந்ததால் செய்தேன்."

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இவரிடம் சொன்னேன். "மூணு காக்கா, மூணு பழமா?" என்றார்.

ஜூன் 13, செவ்வாய்

கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போனேன், வெயில் இருந்தது. மூன்று பெயர், ஒரே தேதி. காய்ச்சல் பரவியிருக்கலாம்.

மாலை கை பழகட்டும் என்று ஒரு செப்புத் துண்டில் கீறிப் பார்த்தேன். எதிரில் இவர்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதனால் இவரையே வரைந்தேன். இடுப்பு வரைக்கும். வேறு காரணம் இல்லை.

"மூக்கைப் பெருசாப் போட்டுட்ட" என்றார்.

"இருக்கிறதைத்தான் போட முடியும்."

ஜூன் 14, புதன்

இவர் காலையில் மூன்று இட்லி சாப்பிட்டார்.

ஜூன் 22, வியாழன்

பொங்கலும் வடையும். வாந்தி இல்லை. பின்கட்டுக்கு நடந்து போய் ஞானப்பூவோடு வெயில் காய்கிறார். இரண்டு பேருக்கும் என்ன பேச்சோ தெரியவில்லை. நான் அச்சு உருளையைச் சுற்றும்போது கூட ஒரு கை பிடிக்கிறார். மலைக் காற்று என்றால் மலைக் காற்றுதான்.

இந்த ஊரில் செம்பு சீக்கிரம் ஈரம் பிடிக்கும். அதனால் இவருடைய தகட்டைத் தினமும் காலையில் கொஞ்ச நேரம் மின்சாரத் தட்டில் வைக்கிறேன். "மேலெல்லாம் கதகதன்னு இருக்கு மரகதம்" என்றார். கம்பளிச் சட்டை வேலை செய்கிறது.

ஜூலை 10, திங்கள்

எட்டுத் தகடுகளின் அச்சும் முடிந்தது. குறிப்பேட்டில் கடைசிப் பக்கங்கள். மீதி ஐந்து பேருக்கும் பல வருஷம் அவள் கோடே போடவில்லை. பின்பு ஒவ்வொருவராக வந்து கேட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றாறு வயதுத் தபால்காரர் இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, "போதும்மா" என்றாராம். கேட்டவர்களுக்குக் கோடு போட்டிருக்கிறாள். நோயை நான் எடுக்கவில்லை, சாவை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். ஞானப்பூவைப் பற்றிக் கடைசி வரி: "அவளுடையதை மட்டும் என்னால் தொட முடியாது." அடுத்த வாரம் கார்ஸ்டன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனாள் என்றார் சூசை.

சுயநலக்காரி. தன் மனசு நோகக் கூடாது என்று ஒரு பெண்ணை எழுபத்துநாலு வருஷம் கிடக்க விட்டிருக்கிறாள். படித்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இங்கே வந்தே நேற்றோடு இரண்டு மாதம் முடிந்தது. அந்த மீசையில்லாத டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆனால் வலி திரும்பிவிட்டது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் கதை சொல்கிறார், பாதியில் நின்றுவிடுகிறது. எடை போட்டுப் பார்த்தேன், முப்பத்தெட்டு கிலோ. உள்ளூர் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வெளியே கூப்பிட்டு, "இவர் எப்படிம்மா இன்னும்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 16, புதன்

ஞானப்பூ இன்றும் கேட்டாள். நூறு தடவை கேட்டிருப்பாள். இன்று இவரும் சேர்ந்துகொண்டார்.

"ஒரு கோடுதான மரகதம். போட்டுரு."

"அறக்கட்டளைக்காரங்க கேட்டா?"

"கை தவறிருச்சுன்னு சொல்லு. இருபத்தாறு வருசத்துல ஒரு தடவை கை தவறக் கூடாதா?"

மதியம் ஞானப்பூ தகட்டில் எடுக்க வேண்டிய அச்சுகளை எடுத்து முடித்தேன். பிறகு ஊசியை எடுத்தேன். செம்பு கீறும்போது சத்தமே வராது, இன்றைக்கு எனக்குக் கேட்டது. போய்ச் சொன்னேன். அந்தக் கிழவி என் கையைத் தடவிக் கண்டுபிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை ஏழு மணிக்கு மாதா கோயிலில் சாவு மணி. சூசை அழவில்லை. "எட்டு வயசுப் பிள்ளை கணக்கா இருக்கும்மா மூஞ்சி" என்றார். போய்ப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அடக்கம் முடிந்து வந்ததும் இவர் கேட்டார். எதிர்பார்த்ததுதான்.

"என்னோடதுலயும் போட்டுரு."

"பைத்தியமா உங்களுக்கு? ஒரு கிழவி வயசாகிச் செத்தா, அதுக்கும் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் இதையெல்லாம் நம்புறவ இல்ல."

"நம்பலேல்ல? அப்பப் போடு. வெறும் செம்புதான."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

இன்றும் கேட்டார். நாளைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 30, புதன்

நாளைக்கு என்றேன்.

செப்டம்பர் 2, சனி

தண்ணீர் உள்ளே போகவில்லை. உதடு வெடித்திருக்கிறது. கஞ்சி குடித்தே ஒன்பது நாள் ஆகிறது. மனிதன் ஒன்பது நாள் இப்படி இருக்க முடியாது, எனக்குத் தெரியாதா? தெரியும். காலையில் தகட்டைத் தட்டில் வைக்கப் போனபோது, "வேணாம்மா, இப்ப அதுவும் எரியுது" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் தகட்டை இன்னும் தட்டில் வைக்கவே இல்லை, கையில்தான் வைத்திருந்தேன். என் கைச்சூடு.

செப்டம்பர் 4, திங்கள்

போட்டுவிட்டேன். அச்சும் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஒரு கோடு. இவர் முகத்தில் எத்தனை நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு. துவைத்த வேட்டியை எடுத்துக் கட்டிவிடச் சொன்னார். தலையை வாரிவிடச் சொன்னார். இவருடைய தங்கைக்கு போன் போட்டுக் கொடுத்தேன், இரண்டு வார்த்தை பேசினார். எங்கள் கல்யாணத்தன்று மின்சாரம் போய், தாலி கட்டியது ஒரு போட்டோவிலும் விழாததைப் பற்றிப் பேசினோம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

வேட்டியோடு காத்திருக்கிறார்.

செப்டம்பர் 6, புதன்

காத்திருக்கிறார். வேட்டியை மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

அச்சுத்தாளை எடுத்துத் தரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். மூக்கின் மேல், காதின் மேல், பிறகு கோட்டின் மேல். அங்கேயே விரல் நின்றது.

"மரகதம், கீறின கோடுன்னா மை காகிதத்துல மேல எந்திரிச்சு நிக்கும்னு நீதான சொன்ன. மூக்கு நிக்குது. காது நிக்குது. இது பள்ளமா இருக்கு."

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

"நூலா?"

ஆமாம், நூல்தான். தையல் நூலை மையில் முக்கி, தகட்டின் மேல் குறுக்கே படுக்கப் போட்டு உருளையில் விட்டேன். தகட்டில் ஒரு கீறலும் இல்லை. முதல் வருஷ மாணவன் செய்தால் காதைத் திருகியிருப்பேன்.

இவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். வலி வரும்போதெல்லாம் அந்த நெஞ்சு மரக்கட்டை மாதிரி இறுகும், மறுபடி தளரும்.

"சரி விடு," என்றார். "உனக்கு முடியலேன்னா வேணாம். நான் இருந்துக்கிறேன். உனக்குத் துணையா இருந்துட்டுப் போறேன், என்ன இப்ப."

அதன் பிறகு கேட்கவே இல்லை.

செப்டம்பர் 9, சனி

கேட்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

கேட்கவில்லை. இன்று நான் அறைக்குள் போகும்போதெல்லாம் சிரித்த முகமாக இருக்கிறார். வெளியே வந்து கதவிடுக்கில் பார்த்தேன். நான் போனதும் அந்தச் சிரிப்பை இறக்கிவைத்துவிட்டு, தலையணையின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொள்கிறார், சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று.

அந்த இங்கிலீஷ்காரியைச் சுயநலக்காரி என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

பத்தரை மணிக்குப் போட்டேன். இவர் கட்டிலில், இவருடைய கண் முன்னால், ஒரு பலகையை மடியில் வைத்து.

"நெசமாவா?" என்றார்.

இவருடைய விரலை எடுத்துத் தகட்டின் மேல் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே ஊசியை ஓட்டினேன். கார்ஸ்டன் எட்டுப் பேருக்கும் முகத்தின் குறுக்கேதான் போட்டிருக்கிறாள். நான் முகத்தைத் தொடவில்லை. வயிற்றின் மேல் போட்டேன், வலிக்கிற இடத்தில். ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாவது தடவை அழுத்தி இழுத்தேன்.

"வலிச்சதா?"

"இல்ல. குளுகுளுன்னு இருந்துச்சு."

பிறகு தண்ணீர் கேட்டார். அரை டம்ளர் குடித்தார், உள்ளே போயிற்று. மாலை வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். போக மனசில்லை என்று சொன்னார். எனக்கும் அனுப்ப மனசில்லை என்று சொன்னேன். நாற்பது வருஷத்தில் இப்படி ஒன்றை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. வெயில் இறங்கும்போது தூங்கிவிட்டார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், இறுக்கம் இல்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

மழை இல்லை. ஆறரை மணிக்குச் சூசை வழக்கம் போல இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்துவிட்டு, "ஐயா எந்திரிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். உட்காருங்கள் என்றேன். இரண்டு காபியையும் நானே குடித்து முடித்தேன். பிறகு அவரிடம் சொன்னேன்.